லைன் தேடிக் கரவெட்டிக்கு

வெள்ளி, பிற்பகல் 4.20. மஸ்கெலியாப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டவள், ஹட்டனிலும் கண்டியிலும் பஸ் மாறி யாழ்ப்பாணத்தில் இறங்கினேன். இவ்வளவு தூரம் வந்தது நாற்பது நிமிட வகுப்பு ஒன்றுக்காக என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் கணித ஆசிரியை. லண்டன் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். பரீட்சார்த்தமாக ஒரு வகுப்பை இணைப்பு அறாமல் நடத்திக் காட்ட வேண்டும். எங்கள் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலேயுள்ள பாறையில்தான் சிக்னல் எடுக்கும். முதல் முறை ஏழாவது நிமிடத்தில் அறுந்தது. இரண்டாம் முறை மூடுபனி இறங்க, பத்தொன்பதாவது நிமிடத்தில் போயிற்று. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று நிர்வாகி எழுதிவிட்டார். கல்வியியற் கல்லூரியில் என்னோடு படித்த சுகந்தி கரவெட்டியில் இருந்துகொண்டு அதே நிறுவனத்தில் படிப்பிக்கிறாள். "இஞ்சை வந்து செய்யன்" என்று அவள்தான் அழைத்தாள்.

பருத்தித்துறை பஸ்ஸில் நெல்லியடிக்கு நூற்று முப்பது ரூபா, இருபத்தைந்து கிலோமீற்றர் வரும். வல்லை வெளியில், இரண்டு பக்கமும் தண்ணீரும் வெறும் நிலமுமாக ஒரு வீடுகூட இல்லாத இடத்திலும், பக்கத்துச் சீட்டுப் பெண் கனடாவிலுள்ள மகனோடு முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டு வந்தாள். படம் ஒருமுறையாவது உறைகிறதா என்று எட்டிப் பார்த்தேன். உறையவில்லை. எரிச்சலாக வந்தது.

சுகந்தி ஸ்கூட்டரில் வந்து ஏற்றிக்கொண்டாள். கரவெட்டியில் அவள் வீட்டுக்கு ஃபைபர் லைன் வந்து ஒரு வருடமாகிறது. கணவர் கிரிக்கெட் பார்க்கிறார், மகள் கார்ட்டூன் பார்க்கிறாள், அவள் அறைக்குள் பாடம் நடத்துகிறாள். மூன்றும் ஒரே நேரத்தில்! கல்லூரியில் அவளைவிட நான்தான் கணக்கில் கெட்டிக்காரி. அவளிடம் இருப்பதும் என்னிடம் இல்லாததும் சுவரில் பச்சை விளக்கு எரியும் அந்தச் சின்னப் பெட்டி மட்டுமே. அவள் வைத்த இடியப்பத்தையும் சொதியையும் வயிற்றெரிச்சலோடுதான் சாப்பிட்டேன்.

சனி, பிற்பகல் 1.15. என் வகுப்புக்கு முக்கால் மணி நேரம் இருக்கையில் பெட்டியின் விளக்கு சிவப்பானது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். 'உனக்கும் அறுந்ததா!' என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அடுத்த நொடிதான் என் கடைசி வாய்ப்பும் அதோடு போவது உறைத்தது.

சந்திக்கு ஓடினோம். வாய்க்கால் வெட்டிய ஜேசிபி கேபிளையும் சேர்த்து இழுத்திருந்தது. அதற்குள் லைன் திருத்துபவர் வந்து கம்பத்தில் ஏணி சாத்தியிருந்தார்.

"அண்ணை, எப்ப முடியும்?" என்றாள் சுகந்தி.

"நாலு மணியாகும் தங்கச்சி. மூண்டு இடத்திலை அறுந்து கிடக்குது. அவசரமெண்டால் நெல்லியடிப் பக்கம் புது டவருக்குக் கிட்டப் போய் போனிலை எடுங்கோ. இஞ்சை லைன் போனதாலை முழுச் சனமும் போனிலைதான் நிக்குது, வேகம் வராது."

1.50க்கு அந்த டவருக்கு எதிரே ஒரு சனசமூக நிலையத்தின் வாங்கில் உட்கார்ந்தோம். அந்த டவர் கம்பனியின் சிம் சுகந்தியின் போனில் மட்டுமே இருந்தது. அவளுக்கும் இரண்டு மணிக்கு ஐந்து பிள்ளைகளோடு வகுப்பு. ஒரு போனில் இரண்டு வகுப்பு ஓடாது. 'இண்டைக்கு வகுப்பு இல்லை' என்று அவள் பெற்றோருக்கு அனுப்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "வேணாம்டி" என்று ஒரு சொல் சொல்லவில்லை.

ஒருங்கமை சமன்பாடுகள். இரண்டு லண்டன் பிள்ளைகள். முழுதாக நாற்பது நிமிடம். ஒரு முறையும் அறவில்லை.

"ஏன்டி உன் வகுப்ப விட்டுக் கொடுத்த?" என்று கேட்டேன்.

"நீ கல்லூரிக்கு வரேக்கை கையிலை போனோடை வந்தனி, ஞாபகமே? சண்டை நேரம் ஊரிலை எங்கடை டவருகளை நிப்பாட்டி வைச்சிருந்தவங்கள். அண்ணை கொழும்பிலை உயிரோடை இருக்கிறாரோ எண்டு கேக்க, கடை வாசலிலை வரிசையிலை நிண்டனாங்கள். நீ சும்மா மர நிழலிலை இருந்து அம்மாவோடை கதைப்பாய். எனக்கு அப்பிடி ஒரு எரிச்சல். ஒருநாள் உன்ரை சார்ஜரை ஒளிச்சு வைச்சதே நான்தான். அந்தக் கடனைத்தான் இண்டைக்குத் தீர்த்தனான்."

அந்த சார்ஜருக்காக அறைத் தோழி ஒருத்தியோடு நான் ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். சிரிப்பதா கோபிப்பதா தெரியாமல் அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன்.

நான்கு மணிக்கு நிர்வாகியின் பதில் வந்தது. வகுப்பு நன்று. ஆனால் வீட்டில் நிரந்தர இணைப்பு வேண்டும். மூன்று மாதம் இடத்தை வைத்திருப்பார்கள்.

"இஞ்சை வந்து இரடி, பின் அறை சும்மாதானே கிடக்குது" என்றாள். ஒரு கணம் ஆசைப்பட்டேன். ஆனால் வாரம் மூன்று நாள் அதே பாறையடியில் என்னிடம் கணக்குப் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளை யாரிடம் விடுவது?

சந்தியில் திருத்துபவர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். "எங்க தோட்டத்துக்கெல்லாம் இது எப்பண்ணே வரும்?" என்றேன்.

"அடுத்தது ஃபைவ் ஜீ, பிறகு சாட்டிலைட் எண்டு சொல்லுறாங்கள். எல்லாம் முதல்லை ரவுணுக்குத்தான் வரும், தோட்டங்களுக்குக் கடைசியாத்தான் தங்கச்சி. நீங்கள் பேசாமல் இருந்தால் வராது. இஞ்சையும் சனம் வீடு வீடாக் கையெழுத்து வாங்கி, திருப்பித் திருப்பி எழுதித்தான் வந்தது."

ஞாயிறு, காலை 7.00. சுகந்தி பஸ் ஏற்றிவிட்டாள். பொறாமை தீர்ந்துவிட்டதென்று சொன்னால் அது பொய். எங்கள் தோட்டத்து லய வரிசைகளில் எந்தெந்த வீட்டில் கையெழுத்து வாங்கலாம் என்று வழிநெடுக எழுதிக்கொண்டு வந்தேன். ஆனையிறவு தாண்டியதும் லைன் கேட்டு கம்பனிக்குக் கடிதத்தையும் தொடங்கினேன். கரவெட்டியில் லைன் அறுந்தால் மூன்று மணி நேரத்தில் ஓர் ஆள் ஏணியோடு வந்து ஒட்டிவிடுகிறார். அதை நினைக்க நினைக்க ஆற்றாமை பொங்கியது. முதல் வரியை அப்படியே எழுதினேன்: ஐயா, அறுந்து போவதற்குக்கூட எங்களிடம் ஒரு லைன் இல்லை.