பொட்டலத் தாளில் வந்த பேஸ்பால் படங்கள்

கடத்தூரில் அப்பாவின் மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்கப் பழைய செய்தித்தாள்கள் கட்டுக்கட்டாக வரும். யுத்த காலத்தில், பெங்களூரில் தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் படித்துப் போட்ட தாள்களும் அவற்றில் கலந்திருந்தன. பேஸ்பால் என்ற ஆட்டத்தை வைத்து அரசியலைக் கேலி செய்யும் படங்கள் அவற்றில் இருக்கும். அவற்றை மட்டும் வெட்டிச் சேர்த்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அந்தத் தாளின் தேதியைப் பென்சிலால் எழுதிவைப்பேன்.

ஒருநாள் அம்மா என் தகரப்பெட்டியைத் திறந்துவிட்டாள்.

"ஏங்க, இதப் பாருங்க. ஒருத்தன் தடியத் தூக்கிட்டு நிக்கறான். இன்னொருத்தன் மூஞ்சில கோழிக்கூடைய மாட்டிக்கிட்டுக் குந்தியிருக்கான்!"

அப்பா பார்த்தார். "கோழிக்கூடை இல்ல, செயில் கம்பி. கைதியப் போலீசு அடிக்கறான்." வெள்ளைக்காரர் ஆட்சிக்கு எதிரான ஒரு நோட்டீசைச் சுவரில் ஒட்டியதற்காகச் சித்தப்பா அப்போது சிறையில் இருந்தார். "ஒருத்தன் உள்ள போனது போதும். எல்லாத்தையும் அடுப்புல போடு."

பெட்டியைப் பிடுங்கி மூன்று படங்களைத் தரையில் பரப்பினேன். ஒன்றில் பந்து பறந்து வந்தது. அடுத்ததில் தடிக்காரர் வெறும் காற்றை அடித்தார். மூன்றாவதில் குந்தியிருந்தவரின் கனத்த கையுறைக்குள் பந்து இருந்தது. அப்படி வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது.

"பந்து புடிக்கறவருங்கப்பா. அடிபடாம இருக்கத்தான் மூஞ்சில கம்பி."

"அப்ப தடிக்காரன் யாரு?"

படத்தில் தடிக்காரர் சட்டையில் எழுதியிருந்ததை வாசித்தேன். "அந்த நாட்ட ஆளறவருங்க. வந்த பந்தக் கோட்ட வுட்டுட்டு நிக்கறாரு."

"ஆளறவரு சட்டையில பேர எழுதிக்கிட்டா சுத்துவாரு?" என்று அம்மா சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. "ஆளறவரையே இப்பிடி வரஞ்சவன் எத்தன வருசம் உள்ள இருந்தான்?"

படத்தின் மூலையில் வரைந்தவரின் கையெழுத்து, சுருண்ட வால்போல இருந்தது. பெட்டியில் தேடினேன். இன்னும் நான்கு படங்களில் அதே வால். திருப்பித் தேதிகளைப் பார்த்தேன்.

"உள்ளயே போகலீங்கப்பா. மறுநாளும் வரஞ்சிருக்காரு. அடுத்த மாசமும் வரஞ்சிருக்காரு."

மறுநாள் தேதியிட்ட படத்தை அப்பா கையில் வாங்கினார். அதில் அதே தலைவர் கால் தடுக்கிக் குப்புற விழுந்து கிடந்தார். எழுத்தறியாத அப்பா, சுருண்ட அந்த வாலின்மேல் விரலை வைத்தார்.

"மறுநாளேவா?"

"மறுநாளேங்க."

படங்களை அவரே பெட்டிக்குள் அடுக்கினார். "பத்திரமா வையி, புள்ள. உங்க சித்தப்பன் வந்ததும் அவனுக்கும் அந்தத் தேதியப் படிச்சுக் காட்டோணும்."