தன்னிச்சை என்று எழுதியவன்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால், படித்துவிட்டுக் கண்டுபிடிக்கும் சிரமம் உங்களுக்கு மிச்சம். யாங்கோனில் எங்கள் கோயில் கமிட்டியில் பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற திமிரில், போன மாதம் ஒரு கடிதம் எழுதினேன். அதில் ஒரு சொல்லைப் போட்டேன்: தன்னிச்சையாக.

கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிற அக்கா, கமிட்டியைக் கேட்காமல், பர்மா பாஷையில் விளக்கித் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டில் பர்மா பாஷையே பேசும் பிள்ளைகளுக்கு வேறெப்படிப் புரியும்? ஆறு பிள்ளைகள் இருந்த வகுப்பில் இப்போது பாய் போதவில்லை. அதற்குத் தண்டனை: வகுப்பு நிறுத்தம். அதை அக்காவுக்கு அறிவிக்கும் கடிதம்தான் நான் எழுதியது.

"தமிழ் வகுப்புல பர்மா பாஷையா?" என்று தலைவர் கூட்டத்தில் கொதித்தார். இந்த ஒரு வரியைத் தவிர மீதி முழுவதையும் அவர் பர்மா பாஷையில்தான் கொதித்தார். "தன்னிச்சையாகச் செயல்பட்டமையால்" என்று நான் வாசித்தபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. பர்மா பாஷையில் அர்த்தம் சொன்னேன்.

"சபாஷ், அதையே போடு!" என்றார் தலைவர். நான் பூரித்துப்போனேன். கழுதை!

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. போன வருஷம் இதே தலைவர் யாரையும் கேட்காமல் கோபுரத்துக்குப் பச்சை அடித்தார். நோட்டீஸ் எழுதியவன் நானே: "தலைவரின் பெருமுயற்சியால்." பொருளாளர் தன் பாட்டுக்கு மண்டபத்தை மச்சான் வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்தார், அது "பரந்த மனம்". ஒரு பெண் கேட்காமல் நல்லது செய்தால் மட்டும் தன்னிச்சை! அகராதியைக் கேட்டால் தன் விருப்பப்படி என்று சாதுவாகச் சொல்லும். அதை யார் முதுகில் ஒட்டலாம் என்று ஆள் பார்த்து ஒட்டுகிறோமே, அந்த அயோக்கியத்தனத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். ஒட்டியது என் கை.

கடிதத்தைக் கிழித்தேனா? கொண்டுபோனேன். அக்கா வீடு நாலாம் மாடி. தெருவில் தொங்கும் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும். நுனியிலிருந்த கிளிப்பில் கடிதத்தை மாட்டினேன். படியேறி முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாதவனுக்கு இந்த ஊர் செய்துவைத்திருக்கும் வசதி. அக்கா கயிற்றை இழுத்து, பால்கனியில் நின்றே படித்தார். இரண்டு முறை.

"அக்கா, ஒரு மன்னிப்புக் கடுதாசி குடுத்துட்டா சரியாப்போயிடும்! நானே நல்ல தமிழ்ல எழுதித் தர்றேன்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அக்கா குனிந்து பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை கிளாஸ் என் வீட்டுல."