தங்கை மாட்டிய சோக்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று என் தங்கை எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் இருந்தது, அல்லது இருந்ததாக நான் நம்பினேன்.

நாங்கள் இருவரும் ஸ்கீட் சுடுகிறவர்கள். இடது பக்கம் ஒரு சின்னக் கட்டடம், வலது பக்கம் ஒன்று. இரண்டிலிருந்தும் உள்ளங்கை அகல மண் தட்டுகள் ஆரஞ்சு நிறத்தில் விர்ரென்று பறந்து வரும். அரைவட்டத்தில் இடம் மாறி மாறி நின்று ஷாட்கன்னால் அவற்றை உடைக்க வேண்டும். ஊர்க்கோடியில், சுவா சூ காங் வட்டாரம் தாண்டி உள்ளே போனால் எங்கள் கிளப். துப்பாக்கியை வீட்டுக்கெல்லாம் கொண்டுபோக முடியாது, கிளப்பின் பூட்டிய அறையில்தான் இருக்கும். எனக்கும் அவளுக்கும் ஒரே உயரம், ஒரே கை நீளம் என்பதால் இருவருக்கும் ஒரே இரட்டைக்குழல் துப்பாக்கி. வேறுவேறு எதுவென்றால் சோக் மட்டும்தான்.

சோக் என்பது ஒவ்வொரு குழலின் வாயிலும் திருகி மாட்டும் விரல் நீளக் குழாய். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்துகிறோமே, அதே வேலைதான். இறுக்கமான சோக் போட்டால் தோட்டாவிலிருந்து கிளம்பும் ஈய ரவைகள் கூட்டமாகப் போகும், பட்டால் தட்டு தூள். அகலமானது போட்டால் பரவிப் போகும், கொஞ்சம் குறி தவறினாலும் ஓரமாவது கடிக்கும். அவள் இறுக்கமான கட்சி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் ஒரு படி அகலம் மாறினேன், பிறகு இன்னொரு படி, கடைசியில் இருப்பதிலேயே அகலமானதுக்கு வந்து நின்றேன்.

எல்லை தாண்டி ஜொகூரில் நடக்கவிருந்த போட்டிக்குப் பெண்கள் அணியில் ஓரிடம் பாக்கி இருந்தது. அதற்கான தேர்வு அந்த ஞாயிற்றுக்கிழமை. நானா அவளா என்பதுதான் பேச்சு. முந்தின நாள் தேக்கா சந்தையில் தோசை சாப்பிடும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.

“இதுக்கு மேல அகலமா சோக் கிடையாதுக்கா. அடுத்து என்ன, வலை வீசப் போறியா?” என்றாள்.

“ஏன்டி, என் சோக் உன்னை என்ன பண்ணுது?”

“பிரச்சினை சோக்ல இல்ல, உன் வலது கண்ணுல. ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கு. டாக்டரைப் போய்ப் பாரு லா.”

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

“பஸ் ஸ்டாப்ல என்ன நம்பர் வருதுன்னு என்னைக் கேட்ட.”

“போன் பாத்துட்டு இருந்தேன்.”

“போன் பேக்ல இருந்துச்சு.”

நான் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். கண் என்று ஒப்புக்கொண்டால் எல்லாம் போச்சு. அணியில் இடம் போகும், அதோடு சுடுவதே போகும். ஆபீஸில் யாருக்கோ வேலை செய்கிறேன், வீட்டில் யாருக்கோ சமைக்கிறேன். எனக்காக நான் செய்வது இது ஒன்றுதான். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

மறுநாள் அவள் குழு முதலில் சுட்டது. நன்றாகவே சுட்டாள். அடுத்தது என் குழு. நான் கழிப்பறை போய்விட்டு வருவதற்குள் அவளே தன் சோக்கைக் கழற்றி என்னுடையதை மாட்டி, துப்பாக்கியை மடித்துத் தாங்கியில் வைத்திருந்தாள். “மாத்திட்டேன்கா, போ,” என்றாள். நடுவர் கூப்பிட்டுவிட்டார். நான் சரிபார்க்கவில்லை.

முதல் தட்டுகள் ஒழுங்காக உடைந்தன. வெயில் ஏறியதும் வானம் முழுக்கப் பாலை ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. வலது கட்டடத்திலிருந்து வந்த தட்டைச் சுட்டேன், உடையவில்லை. அடுத்த இடத்திலும் அதேதான். இடது பக்கத்துத் தட்டு உடைந்தது, வலது பக்கத்தது முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது. தூசிகூடக் கிளம்பவில்லை.

அதில்தான் எனக்குப் பொறி தட்டியது. அகலமான சோக்கில் துண்டு விழாவிட்டாலும் தூசியாவது பறக்கும். இங்கே ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் குழலில் இருப்பது என் சோக் இல்லை. அவள் தன்னுடையதை மாட்டி அனுப்பியிருக்கிறாள். மறந்து விட்டுவிட்டாளா, தெரிந்தே செய்தாளா?

நடுவரிடம் சோக்கை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். சுற்றின் நடுவில் நன்றாக வேலை செய்கிற துப்பாக்கியில் எதையும் மாற்றக் கூடாது என்றார். விதி எனக்கும் தெரியும். அங்கே நின்றபடி குழல் வாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோகவும் முடியாது, மைதானமே கத்தும். திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக்குப் பின்னால் தங்கை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கூடப் பிறந்தவளே இப்படியா? பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தைச் சுட்டேன். அதிலும் பாதி போனது.

சுற்று முடிந்ததும் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று காட்டிவிட்டு, நேராக அவளிடம் போனேன்.

“உன்னோடத மாட்டி விட்டுட்டேல்ல? இந்த இடம் உனக்கு அவ்வளவு வேணுமா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடி.”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவள் முகம் கறுத்துப்போனது. பையிலிருந்து சோக் திருகும் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

“நீயே கழட்டு.”

கழற்றினேன். சோக்கின் விளிம்பில் சின்னக் கீறல்கள் இருக்கும். கீறல் குறைவாக இருந்தால் இறுக்கம், கூடுதலாக இருந்தால் அகலம். பழக்கத்தில் என் கட்டைவிரல் விளிம்புக்குப் போனது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“தடவாத. கண்ணால பாரு. இடது கண்ண மூடிட்டுப் பாரு.”

மூடிக்கொண்டு பார்த்தேன். உலோகம் மினுங்கியது. கீறல் எதுவும் தெரியவில்லை. திருப்பினேன், தூக்கிப் பிடித்தேன், கிட்டே கொண்டுவந்தேன். வெறும் வெளிச்சம்தான் இருந்தது.

அவள் கையை விட்டாள். தடவிப் பார்த்தேன். விரலுக்குக் கீழே வரிசையாகக் கீறல்கள். என்னுடைய சோக்தான். மற்றக் குழலில் இருந்ததையும் கழற்றினேன். அதுவும் என்னுடையதுதான்.

தங்கை முகத்தில் ஜெயித்த களையே இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“இன்னும் ஒரு சுற்று இருக்குக்கா. நிழல் வந்துட்டா சரியாயிடும். நீ போய்ச் சுடு. நான் யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்.”

கண்ணை டாக்டரிடம் காட்டு என்று நச்சரித்தவளே இப்போது மறைக்கச் சொல்கிறாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், நான் பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு அவள் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் மைதானத்தில் வேறு ஆட்கள் நிற்கிறார்கள். எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாத ஒருத்தி கையில் துப்பாக்கியோடு அவர்கள் நடுவே நிற்கலாமா?

அடுத்த சுற்றுக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துவிட்டு நடுவரிடம் போய், நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். தங்கை பின்னாலேயே ஓடி வந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

“எனக்கு இந்த இடம் இப்படி வேணாம்கா. நான் உன்னைக் கேட்டேனா?”

“உனக்காக இல்லடி,” என்றேன். “எனக்குத் தட்டு தெரியல.”

நடுவருக்குத் தமிழ் தெரியாது. என்ன விஷயம் என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்காக அதை இன்னொரு முறை ஆங்கிலத்தில் சொன்னேன்.