நொக் அவுட் கிண்ணமும் என் இடது கண்ணும்

இன்று கொழும்பிலிருந்து மன்னார் பஸ்ஸில் வந்தேன். நேற்று தேசிய பெண்கள் கூடைப்பந்தாட்ட நொக் அவுட் கிண்ணத்தின் காலிறுதியில், எதிரணிப் பெண்ணின் முழங்கை என் இடது கண்ணில் இடித்துவிட்டது. கண் வீங்கி நாவற்பழ நிறத்தில் இருந்தது.

பக்கத்து சீற்றில் முசலிக்குப் போகும் வயதான ஒரு முஸ்லிம் உம்மா. நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"மகள், மாப்பிள்ள அடிச்சாரா?"

"இல்லை உம்மா, எனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்ல. பாஸ்கெட்போல் விளையாடேக்க பட்டது."

"ஓம், ஓம். என்ட தங்கச்சியும் கதவில முட்டினதெண்டுதான் சொன்னவ."

அவர் தன் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, கண்ணில் வைக்கச் சொன்னார். வைத்தேன். சுகமாகத்தான் இருந்தது.

முசலி பஸ்ஸுக்கு மாற முருங்கனில் இறங்குமுன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி அங்க திரும்பிப் போகாதீங்க மகள்."

"வாற கிழமை போகத்தான் வேணும் உம்மா. காலிறுதியில நாங்கள் வெண்டிட்டம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் தலையைத் தடவிவிட்டு இறங்கிப் போனார்.

முசலிப் பக்கத்து நண்பர்களே, அவரை உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரிந்தால் அரையிறுதிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நேரில் பார்த்தால் நம்புவார். தோற்றுப்போன அந்த முழங்கைக்காரியும் பார்க்க வந்திருந்தால், அவளிடமும் இரண்டு வார்த்தை கேட்பார்.