ஆப்பிள் பெட்டி மேல் வைத்த செண்டு

பூக்கடைக்காரருக்கு அவள் ஒன்பதாயிரம் கடன்பட்டிருந்தாள். அந்தப் பூவைக் கையில் பிடித்துக்கொண்டு கல்யாணம் பண்ணிக்கொண்டவள் தங்கச்சி. காசு தருகிறேன் என்று மார்தட்டியவன் தங்கச்சி புருஷன். மறுமாசமே ரெண்டு பேரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். "நான் பொறுப்பு" என்று நடுவில் நின்று சொன்ன வாய் மட்டும் இங்கேயே மிச்சம். அது இவள் வாய்.

பழக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தை முதலாளி கொடுக்கவில்லை, அவளுடைய அதட்டல் வாங்கிக் கொடுத்தது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனால் பெட்டியைத் திறக்காமலே மோந்து பார்த்து, உள்ளே அழுகல் இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவாள். சொன்னால் சொன்னதுதான். "எனக்கு எவனும் கத்துக் குடுக்கல, நானா கத்துக்கிட்டேன்" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அடைத்ததில், கடன் ரெண்டாயிரத்தில் வந்து நின்றது. அப்போதுதான், நாற்பது வயசுக்கு மேல், அவளுக்கே கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை, கிடங்குக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரி டிரைவர். திங்கட்கிழமை காலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. சாயங்காலம் வீட்டுச் சொந்தக்காரரிடம் ரெண்டாயிரம் முன்பணம் கொடுத்தால், சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கொடுக்காவிட்டால் டிரைவரின் அம்மா வீட்டுச் சமையலறையில்தான் படுக்கை.

அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கையில ஒரு பூச்செண்டாவது வச்சுக்கம்மா. வெறுங்கையோட நின்னா போட்டோ இழவு வீட்டுப் போட்டோ மாதிரி இருக்கும்."

"ஜோரா வச்சுக்கறேன் அத்தை. அதுவும் கடன் சொல்லி வாங்கின பூவா இருக்காது" என்றாள் மேஸ்திரி.

சனிக்கிழமை சந்தை கலையும் நேரத்தில் போய், தண்டு வளைந்து போனதென்று ஒதுக்கி வைத்திருந்த வெள்ளைக் கார்னேஷன் பூக்கட்டு ஒன்றை அடிமாட்டு விலைக்குப் பேசி வாங்கினாள். கிடங்கிலேயே உட்கார்ந்து கீழ் இலைகளை உருவினாள். ஒரு தண்டை நிமிர்த்திப் பிடித்து, அடுத்ததை அதன்மேல் சாய்த்து, செண்டைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி ஒன்றைச் சாய்த்து... பூக்கடைக்காரர் கட்டுவதைத் தவணை கொடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பிடித்த வித்தை. சாக்கு தைக்கிற நூலால் இறுக்கினாள். பழைய கோட்டின் பளபள உள்துணியைக் கிழித்துத் தண்டில் சுற்றினாள். கடையில் மூவாயிரம் சொல்வான், அப்படி ஒரு செண்டு!

டிரைவர் வந்து பார்த்துவிட்டு, "ஏ மேஸ்திரி, இதை நீ பிடிச்சுக்கிட்டு நின்னா என்னை யாரு பாப்பாங்க?" என்றார்.

"உங்களை இப்ப மட்டும் யாரு பாக்கறா?" என்றாள். ஆனாலும் முகம் சிவந்துவிட்டது.

ஒருத்தி மட்டும் படுக்கிற அவள் வாடகை அறை தகரக் கூரை, வெந்து போகும். அதனால் செண்டை வாளித் தண்ணீரோடு கிடங்கின் குளிர் அறையில், ஆப்பிள் பெட்டிகள் மேல் வைத்துப் பூட்டினாள். ஞாயிறு கிடங்குக்கு விடுமுறை.

திங்கள் காலை கதவைத் திறந்தால், அத்தனை பூவும் உள்பக்கமாகச் சுருண்டு, தூங்குகிற குழந்தையின் கைவிரல் மாதிரி மூடிக் கிடந்தது. தண்ணீர் வாளி நிறைய இருக்கிறது. குளிரும் இருக்கிறது. அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. காய் சீக்கிரம் பழுக்க வேண்டுமென்றால், பக்கத்தில் ரெண்டு ஆப்பிளைப் போட்டு மூடி வைக்கிறவள் அவள்தானே? ஆப்பிள் விடுகிற மூச்சு காயைப் பழுக்க வைக்கும். பூவை என்ன செய்யும் என்று அவள் யோசிக்கவே இல்லை. தினமும் செய்கிற வேலை, தன் பூவென்றதும் மறந்து போச்சு. அழவும் வரவில்லை. நூலை அவிழ்த்து நல்லதாக ஒன்றாவது தேறுமா என்று பார்த்தாள். தேறவில்லை.

செத்த செண்டோடு நேரே பூக்கடைக்குப் போனாள். கடைக்காரர் அதை வாங்கி ஒரு தரம் திருப்பிப் பார்த்தார்.

"கட்டு சுத்தமா இருக்கு மேஸ்திரி. பூதான் செத்துப் போச்சு."

"அண்ணே, இன்னிக்கு எனக்குக் கல்யாணம். சின்னதா ஒண்ணு குடுங்க. கையில காசு இருக்கு."

"உன் கையிலருந்து எது வந்தாலும் முதல்ல பழைய பாக்கிக்குத்தான் போகும். அது கடை வழக்கம்" என்றவர், வாளியிலிருந்து ஒரு ரோஜாச் செண்டை எடுத்து நீட்டினார். ஈரம் சொட்டியது. "இதைக் கொண்டு போ. கணக்குல எழுதிக்கறேன், மாசாமாசம் குடு. உனக்கென்ன, பழகினதுதானே?"

அந்த ஒரு வார்த்தை. வேறு எதுவும் சொல்லியிருந்தால் வாங்கியிருப்பாள். ரோஜாவைப் பிடிக்கப் போன கை பாதியில் நின்றது. அவளுக்கு மாடி அறையின் ஜன்னல் ஞாபகம் வந்தது. சமையலறைத் தரை ஞாபகம் வந்தது. டிரைவருக்குப் போன் போட்டாள்.

"அறைக்காசைப் பழைய கடனுக்குக் கட்டிடட்டுமா?"

அந்தப் பக்கம் லாரியை ஓரம் கட்டி அணைக்கிற சத்தம் கேட்டது. "அப்ப அம்மா வீடுதான்" என்றார். அப்புறம், "பூ?"

"இல்லை."

"சரி, வா." குரலில் கோபமில்லை, சந்தோஷமும் இல்லை.

"ரோஜாவை உள்ளே வைங்கண்ணே" என்றாள் மேஸ்திரி. சுருண்ட செண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கடைக்காரர் ஈரக் கையைத் துடைத்துவிட்டு விரித்து நீட்டினார். அவள் நோட்டை ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி, கடைசி நோட்டு வரைக்கும் அந்த உள்ளங்கையில் வைத்தாள்.