கூட்டினால் பதினெட்டு

போன மாதம் விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். பைக்கில் வந்த ஒரு வாலிபனை ஒரு போலீஸ்காரர் மறித்தார். சாவியைப் பிடுங்கினார். அவன் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் கன்னத்தில் ஒன்று விட்டார். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். என்னிடமும் ஒரு செல்போன் இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் பேச மட்டும்தான் தெரியும். நான் செய்ததெல்லாம் அவருடைய தோளைப் பார்த்ததுதான். போலீஸ்காரர் யாரைப் பார்த்தாலும் என் கண் முகத்துக்குப் போகாது, தோளுக்குத்தான் போகும். ஐந்தாவது படிக்கும்போது வந்த பழக்கம் அது.

அப்போது நாங்கள் பரவையில் இருந்தோம். அம்மா வாரச் சந்தையில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கூறு வைத்து விற்பாள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது என்பதால் நானும் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். உதவி என்று பெரிதாக ஒன்றும் செய்ததில்லை. யாராவது விலை கேட்டால் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். "ஏத்தா, இது ஊமையா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. ஆனால் சந்தை எனக்குப் பிடிக்கும். ஈரச் சாக்கும் கொத்தமல்லியும் மாட்டுச் சாணமும் கலந்த அந்த வாசனை இப்போதும் எங்கேயாவது அடித்தால் நின்றுவிடுகிறேன்.

என் மாமா, அம்மாவின் தம்பி, அதே சந்தையில் மூட்டை தூக்குவார். தலையில் வெங்காய மூட்டை இருக்கும்போதும் வாய் சும்மா இருக்காது. அவர் வருகிற வழியெல்லாம் சிரிப்புச் சத்தம் வரும். அதை வைத்தே, மாமா இப்போது தேங்காய்க் கடையைத் தாண்டிவிட்டார், இப்போது டீக்கடைக்கு வந்துவிட்டார் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே நான் கணக்கு வைத்துக்கொள்வேன்.

பத்து மணி வாக்கில் ஒரு போலீஸ்காரர் கித்தான் பையோடு வருவார். எதுவும் கேட்கமாட்டார். பையை விரித்துக்கொண்டு கடை கடையாக நிற்பார், அவ்வளவுதான். ஒவ்வொருவரும் ஒரு கை அள்ளிப் போடுவார்கள். பை நிறைந்ததும் மாமா அதைச் சுமந்துபோய் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். அவர் சாதாரணக் கான்ஸ்டபிள்தான். ஆனால் சந்தையே அவரை ஏட்டையா, ஏட்டையா என்றுதான் கூப்பிடும். அரசாங்கம் கொடுக்காத பதவியைச் சந்தை கொடுத்திருந்தது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அம்மா மட்டும் தன் கையால் போடமாட்டாள். "நீ போடு. நான் போட்டா பயந்து போட்டதா ஆயிரும். நீ போட்டா சின்னப்புள்ள ஆசையாக் குடுத்ததுன்னு போயிரும்" என்பாள். அதனால் வாராவாரம் நான்தான் எழுந்து போடுவேன். அவர் குனிந்து பையை நீட்டும்போது அவருடைய தோள் சரியாக என் முகத்துக்கு நேரே வரும். கண்ணைப் பார்க்க எனக்குக் கூச்சம். தோளில் பித்தளையில் மூன்று எண்கள் பளபளவென்று இருக்கும். அதைப் பார்ப்பேன். வகுப்பில் அப்போது எங்களுக்கு ஒன்பதால் வகுபடும் எண்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த மூன்றையும் கூட்டினால் பதினெட்டு வரும், அப்படியென்றால் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். வாராவாரம் கூட்டிப் பார்ப்பேன். வாராவாரம் சரியாக வரும். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்த எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய பேரன் பேத்திகள் எங்காவது இருப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை அவர் இரண்டு பையோடு வந்தார். மாமா மூட்டையை இறக்கிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "ஏட்டையா, இம்புட்டுக் காய் ஆகுதே, வீட்டுல எத்தன அடுப்புய்யா எரியுது?" என்று கேட்டார். டீக்கடைப் பக்கமிருந்து ஒருவர், "அதக் கேளு மாப்ள!" என்றார். சந்தையே சிரித்தது. ஏட்டையாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பைகளைக் கீழே வைத்தார். பிறகு லத்தியை எடுத்து மாமாவின் வலது முழங்கைக்குக் கீழே அடித்தார். இரண்டாவது அடியில் ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவது போல இருந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவர் பைகளைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்பா கட்டுப் போடுகிற வைத்தியரிடம் போகலாம் என்றார். அம்மா கேட்கவில்லை. மதுரை பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று நின்றாள்.

"கட்டுப் போடுறவரு சீட்டுத் தருவாரா? பெரியாஸ்பத்திரில எதால அடிச்சதுன்னு எழுதி ஒரு சீட்டுத் தருவாங்க. எனக்கு அந்தச் சீட்டு வேணும்."

"சீட்டை வச்சு என்னடி பண்ணப்போற? போலீஸ்காரனோட மல்லுக்கட்ட முடியுமா?"

"மூட்டை தூக்குறவனுக்குக் கைதான் நெலபுலம். அத ஒடிச்சுட்டுப் போனவன நான் சும்மா விடுவனா?"

கட்டிலில் படுத்திருந்த மாமா, "விடுங்க மச்சான், எங்கக்கா இடது கையையும் ஒடிச்சுக் குடுத்தாத்தான் ஓய்வா" என்றார். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான்தான் மனு எழுதினேன். என் கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து, அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். மாண்புமிகு கலெக்டர் ஐயா அவர்களுக்கு என்று ஆரம்பித்து, சந்தைக்கு வந்த ஏட்டு என் தம்பியின் கையை ஒடித்துவிட்டார் என்று முடித்தேன். சட்டியின் அடிக்கரியை எண்ணெயில் குழைத்து அம்மா கைநாட்டு வைத்தாள். தபாலில் சேர்த்தோம்.

ஒரு மாதம் கழித்துப் பழுப்பு நிறக் கவரில் பதில் வந்தது. தபால்காரர்தான் படித்துச் சொன்னார். அந்தத் தேதியில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு எவரும் சந்தைக்கு அனுப்பப்படவில்லை. மேற்படி நபர் வண்டியிலிருந்து விழுந்து அடிபட்டதாகத் தெரியவருகிறது. அவ்வளவுதான். முதல் வரியில் பொய் ஒன்றும் இல்லை. ஏட்டு யாரும் வரவில்லைதான். மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையைக் கொண்டே அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அம்மா அந்தக் கவரையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் மடியில் செருகிக்கொண்டு, மாமாவைக் கட்டுப்போட்ட கையோடு கூட்டிக்கொண்டு, மனு வாங்குகிற நாளில் மதுரைக்குப் போனாள். மூன்று முறை போனாள். மூன்றாவது முறை ஒருவர் அந்தச் சீட்டை நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாராம். வண்டியிலிருந்து விழுந்தால் இப்படி ஒடியாதே என்றாராம். அதன்பிறகு வருவாய்க் கோட்டத்துக்குப் பெரிய அதிகாரியான ஆர்.டி.ஓ. ஐயா நேரில் வந்து விசாரிப்பார் என்று உத்தரவு வந்தது.

விசாரணை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. எங்கள் வகுப்பில் வாத்தியார் நாற்காலியில் ஆர்.டி.ஓ. உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். வெளியே வேப்பமரத்தடியில் ஸ்டேஷனிலிருந்து வந்த ஐந்தாறு பேர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் ஒரே உயரம், ஒரே மீசை. சந்தைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அம்மாவின் பின்னால் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அடிச்சதைப் பார்த்தீங்களா?"

"அடி விழுந்தது பார்த்தேன்யா. ஆள் யாருன்னு கவனிக்கல" என்றார் தேங்காய்க் கடைக்காரர்.

"வாராவாரம் வந்தவர்தானே? தோள்ல எண் இருக்குமே?"

"எண்ணாய்யா? எனக்கு எழுத்து வாசனையே கிடையாதுங்க."

டீக்கடைக்காரருக்குக் கண் சரியாகத் தெரியாதாம். தராசுக்காரருக்கும் எண் படிக்க வராதாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் எடைக்கல்லைக் கையில் தொட்ட மாத்திரத்தில் இது இத்தனை என்று சொல்கிறவர். பாவம், இத்தனை வருடமும் கல்லின் கனத்தை வைத்தே சமாளித்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு பெரிய சந்தையில் எண் தெரிந்தவள் நான் ஒருத்திதானா என்று அவர்கள்மேல் இரக்கமாகவும் எனக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஆர்.டி.ஓ. பேனாவை மூடினார். "நீங்களும் தம்பியும் சொன்னா மட்டும் போதாதே. ஆள் யாருன்னு மத்தவங்க யாருக்குமே தெரியலைன்னா நான் என்னம்மா எழுதுறது?" என்று அம்மாவிடம் கேட்டார். மாமா முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பேச வரவில்லை. நேராகப் போய், மேஜையிலிருந்த சாக்பீஸை எடுத்து, கரும்பலகையில் அந்த மூன்று எண்களையும் எழுதினேன். எழுதிவிட்டு மறுபடி முந்தானைக்குள் போய்விட்டேன்.

ஆர்.டி.ஓ. என்னைக் கூப்பிட்டார். "இதுதான்னு எப்படிம்மா இவ்வளவு உறுதியாச் சொல்ற?"

அம்மா என் முதுகில் ஒரு இடி கொடுத்தாள். "கூட்டினா பதினெட்டு வரும்" என்றேன்.

அவர் பலகையைப் பார்த்துக் கூட்டினார். சிரிக்கவில்லை. வெளியில் நிற்பவர்களை ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னார். நான்காவதாக வந்தவரின் தோளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். அம்மா கைநாட்டு வைப்பதற்காக உள்ளேயே இருந்தாள். குழாயடியில் நான் சாக்பீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஏட்டையா அருகில் வந்தார்.

"நீதானா பாப்பா?" என்றார். குரல் மென்மையாகத்தான் இருந்தது.

"ஆமா" என்றேன். வெளி ஆளிடம் நானாகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நல்லாப் படிக்கிறியே. தினம் எந்த வழியா வருவ?"

"வாய்க்கா வழியா."

"கூட யாரு வருவா?"

"யாரும் வரமாட்டாங்க. நான் ஒத்தையிலதான் வருவேன்."

"அப்பிடியா" என்று என் தலையைத் தடவினார். நிமிர்ந்தபோது அப்பா பின்னால் நின்றிருந்தார். தோளில் கிடந்த துண்டு கீழே விழுந்திருந்தது. அவர் அதை எடுக்கவே இல்லை.

அன்று மத்தியானம் அம்மாவும் அப்பாவும் அடுப்படியில் வெகுநேரம் தணிந்த குரலில் பேசினார்கள். சண்டை இல்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுப் பேன் பார்த்தாள். மறுநாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அழகர்கோவில் பக்கம் இருக்கிற அத்தை வீட்டுக்குப் புறப்பட்டார். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. "நாலு நாள் இருந்துட்டு வரலாம்" என்றார். கரும்பலகையில் எழுதியதற்குப் பரிசு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாலு நாள் இரண்டு வருடமாயிற்று. அத்தை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் தூரம், அதனால் மாட்டைப் பார்த்துக்கொண்டேன். நடுவில் ஒருமுறை மாமா வந்தார். கை கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது. அந்த ஆளை வேலையை விட்டே எடுத்துவிட்டார்கள் என்று சொன்னார். "ஒரு சாக்பீஸ்ல காக்கிச் சட்டையக் கழட்டிட்டியே ஆத்தா!" என்று கோணல் கையால் எனக்கு சல்யூட் வைத்தார். அத்தை வீடே சிரித்தது. ஊருக்குத் திரும்பும்போது நான் வயதுக்கு வந்திருந்தேன். அதன்பிறகு பள்ளிக்கூடப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. என் கணக்கு நோட்டு, நடுப்பக்கம் கிழிந்தபடி, பரணில் கிடந்தது.

ஆனால் அந்த முதல் நாள் பயணம் மாதிரி ஒன்றை நான் அதுவரை அனுபவித்ததில்லை. கோவில் வாசலில் அப்பா தோசை வாங்கிக் கொடுத்தார். கனமாக, மிளகு வாசனையோடு இருந்தது. ஒரு குரங்கு பாதியைப் பிடுங்கிக்கொண்டு ஓட, வழக்கமாக இதற்கெல்லாம் திட்டுகிற அப்பா பேசாமல் இன்னொன்று வாங்கித் தந்தார். தான் சாப்பிடவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸிலும் அப்படித்தான். என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, என் கையை விடாமல் பிடித்திருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்கும்போது துண்டை எடுத்து என் தலையோடு முகத்தை மூடிப் போர்த்திவிடுவார். காக்கிச் சட்டை போட்ட கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தபோதும் போர்த்தினார். வெயில் படாமல் இருக்கத்தான் இத்தனை அக்கறை என்று எனக்கு அப்பாவின்மேல் பிரியம் பொங்கியது. துண்டுக்குள் பீடி வாசனையும் வியர்வை வாசனையும் அடித்தன. கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனேன்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது நிழல் பக்கம்.