கை வீங்கின வியாழக்கிழமை

என் பெரியம்மா இன்னமும் வீட்டுக்கு வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முதல் கையைத்தான் பார்ப்பார். நீங்கள் அதைக் கண்டு ஒருவரை ஒருவர் இடித்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் பிள்ளைகளே, பிழையில்லை. ஆனால் அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

சண்டைக் காலம். எனக்கு எட்டு வயது. பெரியம்மா, பெரியப்பா, அம்மா, நான் எல்லாரும் லிங்கநகரில் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பா வயலோடு கிளிவெட்டியில் நிற்பார். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி, என் மாமா. அவரும் எங்களோடுதான் இருந்தார். ஒரு பின்னேரம் கடைக்கென்று சைக்கிளில் போனவரை, கடைக்குப் போய்ச் சேரமுன்னமே, சந்தியில் யாரோ சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கண்டவர்களும் கண்டதாகச் சொல்லவில்லை. விசாரணை நடக்கிறது என்று பொலிசில் சொன்னார்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டபோதும் அது நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு பெரியம்மா பொலிசை விட்டுவிட்டு அம்மன் கோயிலுக்குப் போனார்.

தேங்காய் உடைத்துச் சாபம் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். யாருக்குப் போடுவது என்று பூசாரியார் பெயர் கேட்டார்.

“பெயர் தெரிஞ்சால் நான் ஏன் ஐயா இஞ்ச வாறன்?” என்றார் பெரியம்மா.

பெயர் இல்லாவிட்டால் அம்மாள் யாரிடம் போவா என்று பூசாரியார் தயங்கினார்.

“எல்லாற்ற வீட்டுக்கும் போய்ப் பாக்கட்டும். அம்மாளுக்குக் கால் நோகுமே?”

தேங்காயை ஓங்கி அடித்துப் பெரியம்மா சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். “என்ர தம்பியைச் சுட்ட கை வீங்க வேணும். அவனை அந்த நேரம் றோட்டில இறக்கின கையும் வீங்க வேணும்.” மூன்று வெள்ளிக்குள் தெரியும் என்றார் பூசாரியார்.

நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். மாமாவைச் சுட்ட அன்றைக்குப் பட்டம் ஒட்டத் தாள் வேண்டும் என்று அழுது அவரைக் கடைக்கு அனுப்பியது நான்தான். அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அன்று தொடங்கி ஊரின் கைகளெல்லாம் பெரியம்மாவின் பொறுப்பில் வந்தன. பாண்காரர் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். பாண் வேகிற போறணை அடுப்பில் சுட்டது என்று அவிழ்த்துக் காட்டியும் பெரியம்மா நம்பவில்லை. ஒரு கிழமை பாண் நின்றது, நாங்கள் பிட்டே தின்றோம். பெரியப்பாவுக்கு ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் வேலை. அங்குள்ளவர்களின் கைகளை அவர் பார்த்து வரவேண்டும் என்பது கட்டளை. பாவம், அந்த மனுசன் காலையில் மேசை மேசையாகப் போய்க் கை குலுக்கினார். அவர் சங்கத் தேர்தலில் நிற்கப் போகிறார் என்று கதை பரவி, இரண்டு பேர் தங்கள் வாக்கு அவருக்கே என்று சொல்லியும் விட்டார்கள். றோட்டுச் சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரப் பெடியனின் கையையும் பெரியம்மா விடவில்லை. இவர் கைரேகை பார்க்கிறவர் என்று நினைத்து அவன் உள்ளங்கையை விரித்து நீட்டினான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “வீக்கமில்லை” என்றார் பெரியம்மா. தமிழ் விளங்காத அவன் சந்தோசமாகத் தலையாட்டினான்.

மூன்றாவது வெள்ளிக்கு முதல் நாள் கொய்யா மரத்தில் ஒரு குளவி என் வலக்கையில் குத்தியது. கை பாண்காரரின் பணிஸ் மாதிரி ஊதிவிட்டது. ஊரெல்லாம் தேடிவிட்டு அம்மாள் கடைசியில் சரியான வீட்டுக்கு வந்துவிட்டா என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தேன். மத்தியானம் பெரியப்பாவும் கந்தோரிலிருந்து சாப்பிட வந்திருந்தார்; சோற்றில் இடக்கையை வைத்தபோது பிடிபட்டேன். பெரியம்மா மற்றக் கையை வெளியே இழுத்தார்.

“பட்டத்தாள் வாங்க மாமாவை அனுப்பினது நான்தான், பெரியம்மா.”

பெரியம்மா என் கையை விடவில்லை. “விசர்க்கதை கதையாத,” என்றார். “ஊறுகாய் போடத் தேசிக்காய் வாங்கிக்கொண்டு வா எண்டு நான்தான் அனுப்பினனான்.”

“இல்லையக்கா,” என்றார் அம்மா. “எனக்குத் தலையிடிக் குளிசை வேணும் எண்டபடியால்தான் அவன் எழும்பினவன்.”

சாப்பிடும்போது வாயே திறக்காத பெரியப்பா, றேடியோவுக்குப் பற்றறி வாங்கச் சொன்னது தான் என்றார்.

தேசிக்காய் முதலா குளிசை முதலா என்று அக்காவும் தங்கையும் குரலை உயர்த்தினார்கள். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மாமா கடைக்குப் போய்ச் சேராதபடியால் எதற்கும் சாட்சி இல்லை. ஒரு வருடமாக நான் தனியே சுமந்த குற்றத்தை இவர்கள் ஒரு நிமிடத்தில் பறிக்கப் பார்க்கிறார்களே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. சண்டை பிடித்தபடியே பெரியம்மா என் கையில் சுண்ணாம்பு தடவி ஊதிவிட்டார்.

அடுத்த நாள் அவர் கோயிலுக்குப் போய்ச் சாபத்தில் பாதியைத் திருப்பிக் கேட்டார். பாதி திருப்ப ஏலாது என்றார் பூசாரியார். “சுட்ட கை மட்டும் காணும் எண்டு சொல்லுங்கோ. அவ கேப்பா,” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா வந்துவிட்டார். சுட்ட கைக்குப் போட்ட பாதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் கைகளைப் பார்க்கிறார்.

ஒன்று மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை. அந்த மூன்று கிழமையும் விடிய எழும்பியதும் பெரியம்மாவும் அம்மாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு மூலையில் இருந்து தங்கள் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் எழும்பி என் கையை விரித்துப் பார்ப்பேன். அவர்கள் சாமி கும்பிடுகிறார்கள், நான் மட்டும்தான் வீக்கம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு.